மாமாவின் சைக்கிளும் என் 24:48-ம்

ஒரு மின்னஞ்சலை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் முடிந்த அன்று மதியமே, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வலிக்கிற காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு நான் எழுதியது. பந்தயம் நடத்தியவர்களுக்கு. "உங்கள் பாதை 10 கிலோமீட்டர் அல்ல, 10.46 கிலோமீட்டர். என் ஃபோனில் ஆதாரம் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். காசு கொடுத்து ஓட வருகிறவர்களுக்குச் சரியான தூரத்தைக்கூட அளந்து தர முடியாதா?" என்று ஆரம்பித்து நாலு பத்தி. கடைசியில் 'இப்படிக்கு, வருத்தமுடன்' வேறு.

நான் 52 நிமிடத்துக்குள் முடிப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். முடித்தது 54 நிமிடம் 20 நொடி. இரண்டரை நிமிடம் எங்கே போனது என்ற கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, நான் நினைத்த அளவுக்கு வேகமானவன் இல்லை. இரண்டு, பாதை நீளம். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. தனியாகவும் தேர்ந்தெடுக்கவில்லை. பந்தயக் கோட்டைத் தாண்டியதும் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்கிற கூட்டத்தில் எப்போதும் ஒரே பேச்சுதான். "உங்களுக்கு எவ்ளோ காட்டுது?" ஒருவருக்கு 10.3, இன்னொருவருக்கு 10.2, எனக்கு 10.46. எல்லாருக்கும் கூடுதல்தான். பத்துப் பேர் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும் என்று தோன்றிவிடும்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பாதையைப் பயிற்சி பெற்ற ஒருவர் சைக்கிளில் அளந்தார், வளைவுகளில் எல்லாம் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்துத்தான் அளப்பார்கள், தப்பித் தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்த்துக்கொள்வது உலக வழக்கம், ஆகவே எங்கள் பாதை 10 கிலோமீட்டரும் 10 மீட்டரும் இருக்கும், மறுபடியும் ஓட வாருங்கள்.

சைக்கிளில்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். வானத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் சொல்வதை விட்டுவிட்டு, சைக்கிள் சக்கரத்தை நம்புகிறார்களாம். இதை நான் இரவு சாப்பாட்டின்போது வீட்டில் ஒரு நகைச்சுவையாகச் சொன்னேன். மனைவி சிரித்தாள், மகள் சிரித்தாள். எங்களோடு இருக்கும் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிர்கா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "சக்கரம் என்ன சைஸாம்?" என்று கேட்டார்.

காலில் ஒன்று, கையில் ஒன்று

கொஞ்சம் பின்னால் போகிறேன். காலணிக்குள் ஒரு சென்சாரைப் போட்டுக்கொண்டு ஓடலாம் என்பதை நான் முதலில் பார்த்தது அலுவலக நண்பர் ஒருவரிடம். 2006-ல் நைக்கியும் ஆப்பிளும் சேர்ந்து வெளியிட்ட சாமான் அது. இடது காலணியின் உள்பட்டைக்குக் கீழே ஒரு குழி, அதில் ஒரு வில்லை, ஐபாட் நானோவின் அடியில் செருக ஒரு சின்னத் துண்டு. பாதம் தரையில் எவ்வளவு நேரம் பதிந்திருக்கிறது என்பதை வைத்து வேகத்தைக் கணிக்கும். வேகமாக ஓடினால் கால் தரையில் தங்கும் நேரம் குறையும், அவ்வளவுதான் சூத்திரம். நண்பர் தன் சாதனையைத் தாண்டிய ஒரு நாள், காதுக்குள் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கே வந்து வாழ்த்தினாராம். பதிவு செய்து வைத்த குரல்தான். ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி ஃபிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டபோது அந்த நண்பரை எல்லாரும் ஓட்டித் தள்ளினோம். வாழ்த்தின ஆள் பேரில் சந்தேகம் வந்தால் வாழ்த்தும் செல்லாதா என்பது அப்போது எனக்கு வெறும் கிண்டல்.

நான் ஓட ஆரம்பித்தது அதற்கெல்லாம் வெகு நாள் கழித்து, நாற்பதைத் தாண்டி, ரத்தப் பரிசோதனைத் தாளில் சில எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழுந்த பிறகு. முதலில் ஃபோனில் ஒரு ஆப். அப்புறம் மச்சினன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒரு ஷூ சென்சார் வாங்கி வந்தான். காலணி நாடாவில் மாட்டிக்கொள்கிற வகை. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. (இந்திய மாரத்தான் சாதனையை 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம் என்று எழுதி வைத்த சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடியவர். நாற்பது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்ற சாதனை. அவருக்கு இதை எங்கே மாட்டுவது என்று அன்றே மச்சினனிடம் கேட்டேன். அவன் ரசிக்கவில்லை.)

எங்கள் வீடு நங்கநல்லூரில். காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கிற சத்தமும், பால் பாக்கெட் கூடைகள் இறங்குகிற சத்தமும், தலைக்கு மேலே விமானம் இறங்குகிற சத்தமுமாக இருக்கும். வீட்டு வாசலில் புறப்பட்டு நாலு தெருவைச் சுற்றி வந்தால் ஒரு சுற்று. ஃபோன் அதை 1.25 கிலோமீட்டர் என்றது. நாலு சுற்றுக்கு 5 கிலோமீட்டர், கணக்குக்கு என்ன வசதி! இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் அதே சுற்றுதான். ஒரு டிசம்பர் மாதக் காலையில், மகள் தன் சைக்கிளில் பக்கத்திலேயே வந்து "இன்னும் ரெண்டு நிமிஷம்ப்பா, இன்னும் ஒரு நிமிஷம்ப்பா" என்று கத்திக்கொண்டு வர, அந்த 5 கிலோமீட்டரை 24 நிமிடம் 48 நொடியில் முடித்தேன். 46 வயதில் 25 நிமிடத்துக்குக் கீழே. ஆப்பில் ஒரு தங்கப் பதக்கத்தின் படம் வந்தது. அதைக் குடும்பக் குழுவில் போட்டேன். பெரியப்பா ஒருவர் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார். பதக்கத்துக்கா, 'குட் மார்னிங்' என்றா என்பது இன்றுவரை தெரியாது.

இந்தக் கருவிகளின் லட்சணம் தெரியாதவன் இல்லை நான். டீக்கடை வாசலில் ஃபோனை நிறுத்த மறந்து நின்ற ஒரு நாள், டீ முடிவதற்குள் 40 மீட்டர் 'ஓடி' இருந்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் மாமியார் ஃபோனைக் கையில் பிடித்தபடியே தூளி ஆட்டி, உட்கார்ந்த இடத்திலேயே மூவாயிரம் அடி 'நடந்த'வர். அந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கும் வைத்தியர் எழுதிக் கொடுத்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் வைத்த பேர், உலகம் முழுக்கப் பரவி விதியாகிவிட்டது. இதெல்லாம் தெரிந்தும், அடுத்தவர்கள் கருவிதான் தப்பு செய்யும், என்னுடையது செய்யாது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஷூ சென்சாரை முதல் முதலாகக் கட்டிக்கொண்டு அந்த நாலு சுற்றையும் ஓடியபோது, ஃபோன் 5.00 என்றது. சென்சார் 4.78 என்றது. மறுநாளும் 4.78. அதற்கு மறுநாள் 4.79. கையேட்டில் வழி போட்டிருந்தது: அளந்த தூரம் ஒன்றை ஓடி, சென்சார் சொல்வதை அதோடு ஒப்பிட்டு, திருத்த எண்ணை மாற்றிக்கொள்ளவும். 400 மீட்டர் தடகளப் பாதை உத்தமம். எங்கள் பக்கத்திலிருந்து தடகளப் பாதைக்குப் போக வண்டி எடுக்க வேண்டும், அனுமதி கேட்க வேண்டும். எதற்கு? என்னிடம்தான் ஏற்கெனவே 'அளந்த' 5 கிலோமீட்டர் இருக்கிறதே! 100 என்று இருந்த திருத்த எண்ணை 104.6 ஆக்கினேன். அதன் பிறகு சென்சாரும் 5.00 என்றது. இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னால் வழக்கு முடிந்தது. ஒரு சாட்சிக்கு நானே பாடம் சொல்லிக் கொடுத்தேன் என்பதை ஒரு வாரத்தில் மறந்துவிட்டேன்.

541 டக்

"ஏன் மாப்ள, அந்தச் செயற்கைக்கோள் எதை அளக்குது?" என்று மாமா மறுநாள் காலை காபியோடு வந்து உட்கார்ந்தார். இரவெல்லாம் யோசித்திருப்பார் போல. நானும் தெரிந்ததைச் சொன்னேன். அது தூரத்தை அளப்பதே இல்லை மாமா, நேரத்தை அளக்கிறது. நாலு கோளிலிருந்தாவது சமிக்ஞை வர வேண்டும், ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து நான் நிற்கிற இடத்தைக் கணிக்கிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். 2000 மே 2 வரைக்கும் அமெரிக்கா வேண்டுமென்றே பொதுமக்களுக்குக் கலங்கலான சமிக்ஞையைத்தான் கொடுத்தது, அதற்கப்புறம்தான் தெளிவு. இப்போது ஃபோனில் ஒவ்வொரு புள்ளியும் ஏதோ சில மீட்டர் இங்கே அங்கே இருக்கும்.

"ஒவ்வொரு புள்ளியுமா?"

"ஆமா மாமா. நொடிக்கு ஒரு புள்ளி."

"அப்ப அந்தப் புள்ளி எல்லாத்தையும் கோடு போட்டுச் சேத்தா?"

நான் ஆப்பைத் திறந்து வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். காட்டும்போதுதான் நானே அதை ஒழுங்காகப் பார்த்தேன். அடுக்குமாடிகள் இருபுறமும் நெருங்கி நிற்கிற தெருவில் என் பாதை நேர்கோடாக இல்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, ஒரு வீட்டின் மொட்டை மாடி வழியாகப் போய், எதிர்ச்சாரியில் குதித்து, மறுபடி தெருவுக்கு வந்தது. சுவர்களில் பட்டுத் திரும்பி வருகிற சமிக்ஞை செய்கிற வேலை அது. நேராகப் போனவனின் தடத்தை வளைத்து வளைத்து வரைந்தால் நீளம் கூடத்தானே செய்யும். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "சங்கிலிய வளைச்சு வளைச்சுப் போட்டு அளந்திருக்கு" என்றார். அவருக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் வயிற்றில் ஏதோ செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அளப்பது என்று முடிவாயிற்று. மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய 28 அங்குலச் சைக்கிளை எடுத்துத் துடைத்தோம். மாமா தன் 30 மீட்டர் எஃகு டேப்பைப் பரணிலிருந்து இறக்கினார். இந்த மாதிரி வேலையில் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றத் தெரியாத மனிதர், வாசலில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்று எங்களை எல்லாம் விரட்டினார். முதலில் வாசலில் நேராக 60 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் கோடு போட்டார். சக்கரத்தின் ஆரத்தில், பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய அட்டையைச் செருகினார். ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்'. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். "ஏறி ஓட்டுங்க. ஆள் உக்காந்தா டயர் அமுங்கும், சுத்தளவு மாறும். தள்ளிக்கிட்டுப் போனா அது வேற அளவு." மூன்று தடவை ஓட்டினேன். 60 மீட்டருக்கு 27 டக்கும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலும். ஆக ஒரு டக்குக்கு 2.20 மீட்டர்.

பின்னால் தேடிப் பார்த்தபோது, மாரத்தான் பாதைகளை அளக்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதேதான் என்று தெரிந்தது. முன்சக்கர அச்சில் ஜோன்ஸ் கவுண்டர் என்று ஒரு சின்னப் பல்சக்கரக் கருவி. எஃகு டேப்பால் அளந்த நேர்ப்பாதையில் முதலில் ஓட்டி, சக்கரத்தை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். வெயில் ஏறினால் டயர் உப்பிவிடும் என்று அளந்து முடித்த பிறகும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். வளைவில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டுகிறார்கள். ஓடுகிறவன் எவனும் அந்தக் கோட்டிலேயே ஓட மாட்டான். கூட்டத்தில் விலகுவான், தண்ணீருக்காக ஓரம் போவான். அதனால்தான் பந்தயத்தில் எல்லாருக்கும் 'கூடுதல்' காட்டுகிறது. எனக்கு 10.46 காட்டியதில் கொஞ்சம் என் கோணல் ஓட்டம், மீதி ஃபோனின் கற்பனை.

சுற்றை அளக்கப் புறப்பட்டேன். எண்ணிக்கை தவறாமல் இருக்க மாமா என் வலது சட்டைப்பையில் பத்து புளியங்கொட்டைகளைப் போட்டார். நூறு டக்குக்கு ஒன்றை இடது பைக்கு மாற்ற வேண்டும். வயலில் சங்கிலி பிடிக்கிறவர்கள் கையில் பத்துக் கம்பிகள் வைத்திருப்பார்களாம், சங்கிலிக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே போய், பத்தும் தீர்ந்தால் ஒரு கணக்கு. நாய்கள் இந்த வேடிக்கையை முதலில் சந்தேகத்தோடும் அப்புறம் உற்சாகத்தோடும் பார்த்தன. ஐந்து கொட்டையும் 41 டக்கும் ஆனபோது வீட்டு வாசல் வந்துவிட்டது. நான் எண்ணுவதில் தப்பிவிட்டேன் என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் 541-தான்.

மாமா பால் பாக்கெட்டின் காகித பில்லுக்குப் பின்னால் பெருக்கினார். 1,190 மீட்டர். நாலு சுற்றுக்கு 4,760. சென்சார் முதல் நாள் சொன்னது 4.78 கிலோமீட்டர்.

இரண்டு சங்கிலி

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். 240 மீட்டர். 5 கிலோமீட்டரில் 240 மீட்டர் பெரிதா என்று கேட்கலாம். எங்கள் வாசலிலிருந்து பிள்ளையார் கோயிலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் அந்தத் தூரம். அதை நான் ஒரு நாள்கூட ஓடவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் கணக்கில் எழுதியிருக்கிறேன். சுமார் முந்நூறு நாள். பெருக்கிப் பார்த்தால் 72 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் ஓடாமலே ஓடியிருக்கிறேன். 24:48-ஐ 4.76 கிலோமீட்டருக்கு வைத்துக் கணக்குப் போட்டால், முழு 5 கிலோமீட்டருக்கு 26 நிமிடம் 3 நொடி வருகிறது. அந்த வேகத்தில் 5 ஓடுகிறவன் 10 ஓடினால் எவ்வளவு ஆகும் என்று ஓட்டக்காரர்கள் பார்க்கிற அட்டவணை ஒன்று உண்டு. பார்த்தேன். 54 நிமிடமும் சொச்சமும். பந்தயத்தில் நான் ஓடியது 54:20. இரண்டரை நிமிடம் எங்கேயும் தொலையவில்லை. அது முதலிலிருந்தே இருக்கவில்லை.

என்னைக் குத்தியது ஃபோன் பிசகியது அல்ல. அது தனக்கு எட்டியதைச் சொன்னது. காலோடு கிடந்த புளியங்கொட்டை சென்சார் மூன்று நாளும் உண்மைக்கு 20 மீட்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்ததும், நான் அதன் வாயை அடைத்து 104.6 என்று எழுதியதும்தான். ஃபோன் 4.78 என்றும் சென்சார் 5.00 என்றும் சொல்லியிருந்தால் நான் எதைத் திருத்தியிருப்பேன்? செயற்கைக்கோளை விட்டுவிட்டு சென்சாரைத்தான் நம்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். "காலிலேயே இருக்கிறதே, அதற்குத் தெரியாததா" என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்திருப்பேன்.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வரவில்லை, அவருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. சங்கிலி நாளாக நாளாக நீளும் என்றார். வளையமெல்லாம் தேய்ந்து, இழுத்து இழுத்து, 66 அடிச் சங்கிலி கொஞ்சம் கூடிவிடும். கூடின சங்கிலியால் அளந்தால் நிலம் குறைவாகக் காட்டும். ஆபீஸில் அடையாளக் கல் இருக்கும், அதோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொள்வோம். சில சமயம் பார்க்க மறந்திருப்போம். "ஆனா ஊர் முழுக்க அதே சங்கிலியால அளந்துட்டா ஒரு தகராறும் வராது மாப்ள. எல்லாருக்கும் ஒரே மாதிரி குறையும். அண்ணன் ஒரு சங்கிலி, தம்பி ஒரு சங்கிலி கொண்டாந்தான்னாதான் வெட்டுக்குத்து." அப்புறம் என் காலையும் கையையும் பார்த்தார். "உங்ககிட்ட ரெண்டு சங்கிலி இருந்துச்சு. நீளமா சொன்னதை வச்சுக்கிட்டீங்க."

அன்று சாயங்காலம் அவரைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போனேன். அவரே கேட்டார். வீட்டிலிருந்து பக்கம்தான், இருந்தும் சென்னைக்கு வந்த ஆறு வருடத்தில் அவர் ஏறியதில்லை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கிற பெரிய அளவைக்கு முதல் ஆதாரக் கோட்டை இந்த மலையடியில்தான் அளக்க ஆரம்பித்தார். இங்கேயிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை ஏழரை மைல், சுமார் 12 கிலோமீட்டர். 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்று. எஃகு வெயிலில் நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி வைத்து, தாங்குகால்களில் மட்டம் பார்த்து, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூடு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு நானூறு தடவை நகர்த்தினார்கள். 57 நாள் ஆயிற்று. நான் ஒன்றே கால் மணி நேரத்தில் ஓடி முடிக்கிற தூரம். இந்தக் கோட்டின் மேல்தான் முக்கோணங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளம்பி வடக்கே இமயமலை வரைக்கும் போயின. இங்கே ஓர் அடி தப்பினால் அங்கே எவ்வளவு தப்பும் என்று மாமா கையாலேயே காற்றில் முக்கோணம் போட்டுக் காட்டினார். மேலே லாம்ப்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் படம் எடுக்கவில்லை.

இறங்கும்போது ஆப் தானாகவே 'நடை' என்று கண்டுபிடித்து 1.9 கிலோமீட்டர் என்றது. அது இருக்கட்டும்.

நீக்கவா என்று கேட்கிறது

திருத்த எண்ணை மறுபடி 100 ஆக்கிவிட்டேன். பந்தயக்காரர்களுக்கு ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் எழுதினேன், நாலு வரிதான். அவர்கள் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினார்கள். ஃபோனைத் தூக்கிப்போட்டுவிட்டேன், இப்போது சுதந்திரமாக ஓடுகிறேன் என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு எண் பிடிக்கும். எண் இல்லாவிட்டால் அந்த ஐந்து மணிக்கு நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

சிக்கல் 24:48-ல்தான் இருக்கிறது. ஆப்பில் 'உங்கள் சிறந்த 5 கிலோமீட்டர்' என்ற இடத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இப்போது வேப்பமரம் வரை சேர்த்து முழு 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். இரண்டு மாதம் முன்னால் 25:51 வந்தது. அந்த டிசம்பர் காலையைவிட நிச்சயமாக வேகம். ஆனால் ஆப் 'நல்ல முயற்சி, உங்கள் சிறந்த நேரத்தைவிட 1 நிமிடம் 3 நொடி பின்தங்கல்' என்றது. நானே உண்டாக்கின பேய் ஒன்று எனக்கு முன்னால் 240 மீட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நீக்கிவிடலாம். மூன்று புள்ளியைத் தொட்டால் 'இந்த ஓட்டத்தை நீக்கவா?' என்று கேட்கிறது. இதுவரை நாலு தடவை அந்தக் கேள்வி வரைக்கும் போயிருக்கிறேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாரத்தான் பாதை 2013, 2014, 2015 மூன்று வருடமும் 380 மீட்டர் குறைவாக இருந்தது என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். சுமார் 24,000 பேர் ஓடியது மாரத்தான் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தச் செய்தியை அப்போது படித்தபோது "ஓடினது ஓடினதுதானே, எதுக்கு இவ்ளோ அழுகை" என்று நினைத்தவன் நான். அவர்களில் யாராவது முதல் மாரத்தான் அதுவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். பதக்கத்தைக் கழற்றி வைத்திருப்பார்களா, அப்படியே தொங்கவிட்டிருப்பார்களா?

அந்த 24 நிமிடம் 48 நொடி பொய்யில்லை. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. மகள் பக்கத்தில் வந்ததும், கடைசித் தெருவில் அவள் தொண்டை கட்டிப்போனதும், முடிந்ததும் நான் குப்புறப் படுத்துக்கொண்டு மூச்சுவாங்கியதும் நடந்ததுதான். தூரம் மட்டும்தான் இல்லை. இந்த வருடம் அவள் சைக்கிளை விட்டுவிட்டாள், காலையில் எழுந்திருப்பதும் இல்லை. நீக்கினால் தூரம் மட்டும் தனியாக நீங்குகிற மாதிரி ஒரு பொத்தான் ஆப்பில் இல்லை. எண்ணைத் திருத்தி 4.76 என்று எழுத முடியுமா என்று தேடினேன். முடியாது என்றது.

வேப்பமரத்தடியில் மாமா ஒரு சின்னக் கல்லை நட்டு, அதன் தலையில் காவியால் 5 என்று எழுதி வைத்திருந்தார். சர்வே கல் மாதிரியே நாலு பக்கமும் செதுக்கின கல், எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள். மரம் தப்பித்தது, கல்லைக் காணோம். தெருமுனையும் இரண்டடி உள்ளே தள்ளிவிட்டது. மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"சர்வே கல்லைப் பேத்தா கேஸ் போடலாம், தெரியுமா?"

"அது கவர்மென்ட் கல்லு மாமா. இது நம்ம கல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைங்க. முனை மாறிருச்சுன்னா முதல்லேருந்து அளக்கணும். புளியங்கொட்டை இருக்கா பாருங்க."